ஜனநாயகத்திற்கு யார் அர்த்தம் சொல்வது?

(திருவண்ணாமலைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று ஜனநாயகம் என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கின்றீர்கள். இந்த ஊரில் ஜோதியைப் பற்றிப் பேசினால் லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். ஜனநாயகத்தைப் பற்றிப் பேச்சு என்று தெரிந்தும் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு மிகுந்த திருப்தியளிக்கின்றது. நான் சொல்லப்போகும் சங்கதிகளில் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை இங்கேயே உதறிவிட்டுப் போங்கள். அதனால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

தோழர்களே! இன்றைய தினம் ஜனநாயகம் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் மனிதன் ஒருவனையாவது நீங்கள் பார்த்திருக்கின்றீர்களா? மில் முதலாளி ஜனநாயகம் வேண்டுமென்கிறார். அந்த மில்லில் வேலை செய்யும் கூலிக்காரனும் அதையே வேண்டுமென்கிறான். நூறு ஏக்கர் மிராசுதாரர் அதன் பெயரால் சத்தியம் செய்கிறார். அவர் நிலத்தில் நாற்று நடும் பெண்ணும் அதன் பெயரால்தான் முறையிடுகிறாள். பூனையும் எலியும் ஒரே சாமிக்கு முன்னால் நின்று, ஒரே வரம் வேண்டுமென்று கும்பிட்டால் நாம் என்ன நினைக்க வேண்டும்? ஒன்று, அந்தச் சாமிக்கு இரண்டு முகம் இருக்க வேண்டும். அல்லது, இரண்டில் ஒன்று ஏமாந்துகொண்டிருக்க வேண்டும். ஜனநாயகம் என்ற வார்த்தையின் நிலைமை இன்று இதுதான்.

வார்த்தை ஒன்றாயிருந்தாலும் அர்த்தம் ஒன்றல்ல. சொத்துள்ளவனைக் கேட்டால், என் சம்மதமில்லாமல் என் சொத்தின் மேல் எவனும் கை வைக்காமலிருப்பதுதான் ஜனநாயகம் என்பான். முதலாளியைக் கேட்டால், கூலி விஷயத்திலும் விலை விஷயத்திலும் சர்க்கார் தலையிடாமலிருப்பதுதான் ஜனநாயகம் என்பான். பதவியிலிருப்பவனைக் கேட்டால், ஐந்து வருஷத்திற்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுவிட்டு, நடுவில் வாய் திறவாமலிருப்பது என்பான். மேல்ஜாதிக்காரனைக் கேட்டால், ஊர் வழக்கமும் ஊரில் அதிகம் பேர் விருப்பமும் என்பான். ஒன்றுமில்லாதவனைக் கேட்டால், என் கூலிக்கும் என் குழந்தையின் படிப்புக்கும் என் மானத்துக்கும் இடமிருப்பது என்பான்.

ஆகவே, நான் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயந்தான். ஜனநாயகத்திற்கு ஒருவன் என்ன அர்த்தம் சொல்லுகிறான் என்று கேளுங்கள். உடனே, அந்த அர்த்தத்தினால் அவன் எதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான் என்று தேடுங்கள். பெரும்பாலும் அவன் மடியிலிருக்கும் முடிச்சு வெளிப்பட்டுவிடும். இது ஏதோ நான் குதர்க்கமாகச் சொல்வதல்ல. சரித்திரம் பூராவும் இப்படித்தான் நடந்து வந்திருக்கின்றது.

சொத்துக்கு ஓட்டு

ஜனநாயகத்திற்குத் தாய்நாடு என்று சொல்லப்படும் இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். 1647-ஆம் வருஷத்தில், அரசனை எதிர்த்துச் சண்டை போட்ட சேனையார், லண்டனுக்குப் பக்கத்திலுள்ள பட்னி என்ற ஊரில் கூடி, இனி ஓட்டு யாருக்கு என்று வாதம் செய்தார்கள். ரெயின்ஸ்பரோ என்பவர், பரம ஏழையானாலும் அவனுக்கும் வாழ ஓர் உயிர் இருக்கிறது, அவன் சம்மதமில்லாமல் அவனை ஆள எவனுக்கும் பாத்தியதையில்லை என்றார். கிராம்வெலின் மருமகனான அயர்ட்டன் என்பவர், நிலமும் நிலையான வியாபார உரிமையும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொத்தில்லாதவர்கள் கூடிச் சொத்தையே ஒழிக்கச் சட்டம் செய்துவிடுவார்கள் என்றார். அரசனை எதிர்ப்பதில் இருவரும் ஒன்றுதான். ஏழையை எண்ணிக்கையில் சேர்ப்பதா என்ற இடத்தில் வந்ததும் இருவரும் இரண்டாகிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்தத் தேசத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாய் ஓட்டு வர 1928-ஆம் வருஷம் வரை ஆயிற்று. அதன் பிறகும், வியாபாரக் கட்டடம் வைத்திருப்பவனுக்கும் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவனுக்கும் இரண்டாவது ஓட்டு ஒன்று இருந்து வந்தது. 1948-இல்தான் அது ஒழிந்தது. அதாவது, மனிதனுக்கு ஓர் ஓட்டு, அவனுடைய சொத்துக்கும் பட்டத்துக்கும் ஓர் ஓட்டு!

நமது சென்னை மாகாணத்தின் கதை என்ன? 1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தின்படி 1920-இல் தேர்தல் நடந்தது. நான்கு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களில் ஓட்டுரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 12½ லட்சம் பேர். நிலவரியோ, வீட்டு வரியோ, வருமான வரியோ கட்டுகிறவனுக்கே ஓட்டு. அதுவும் போதாதென்று ஜமீன்தார்களுக்குத் தனித் தொகுதி, தோட்ட முதலாளிகளுக்குத் தனித் தொகுதி, வியாபாரச் சங்கங்களுக்குத் தனித் தொகுதி. 1937-இல் சட்டசபைக்கு 215 ஸ்தானங்கள் ஏற்பட்டபோதுகூட, எண்ணிக்கையில் சிலரேயான ஜமீன்தார்களுக்கு 6 ஸ்தானங்கள்; மாகாணம் முழுவதிலுமுள்ள தொழிலாளர்களுக்கும் அதே 6 ஸ்தானங்கள். இதற்கும் பிரதிநிதித்துவம் என்றுதான் பெயர்.

இந்த இடத்தில் நம்மவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் நான் யோக்கியனாகமாட்டேன். 1920-இல் பதவிக்கு வந்த நீதிக்கட்சி, பார்ப்பனரல்லாதாருக்கு உத்தியோகத்திலும் படிப்பிலும் வழி திறந்தது. 1921-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கச் சட்டசபையில் தீர்மானம் நிறைவேற்றியது. இவையெல்லாம் சாமான்யமான காரியங்களல்ல. ஆனால் அக்கட்சியின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் ஜமீன்தார்கள், ராஜாக்கள், பெரிய மிராசுதாரர்கள். அதனால் அவர்களுடைய சமத்துவம் உத்தியோகத்தின் வாசல் வரை வந்தது. வயல் வரப்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. பார்ப்பான் எனக்குச் சமமாக இருக்க வேண்டும், ஆனால் என் குடியானவன் எனக்குச் சமமாகக் கூடாது என்றால், அது பாதி சுயமரியாதை. அதனால்தான் 1930-களில் நமது இயக்கத்தார் சமதர்மம் என்று பேசத் தொடங்கியதும் அந்த ராஜாக்களும் ஜமீன்தார்களும் கலவரப்பட்டார்கள்.

கொழுந்து பறித்தவர்கள் குடிகளல்லவாம்

இது நம் நாட்டில் மாத்திரந்தானா என்று கேட்பீர்கள். கடல் தாண்டியுள்ள தமிழர்கள் சங்கதியைப் பாருங்கள். இலங்கையில் 1931-இல், ஆசியாவிலேயே முதன்முதலாக, வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டு என்று ஏற்பட்டது. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? சர். பொன்னம்பலம் ராமநாதன் என்ற பெரிய தமிழ்த் தலைவர். தமிழருக்கு உரிமை வேண்டுமென்று வாதாடியவர்தான் அவர். ஆனால் கீழ்ஜாதி என்று ஒதுக்கப்பட்டவனுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு என்றபோது மாத்திரம், கூடாது என்றுவிட்டார். தமிழர் என்று அவர் சொன்ன வார்த்தைக்குள் எவ்வளவு தமிழர் அடங்கியிருந்தார்கள் என்பது அப்பொழுதுதான் வெளியாயிற்று.

அப்புறம் என்ன நடந்தது? திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சிப் போன நம் ஜனங்கள், மலையைத் திருத்தித் தேயிலை பயிர் செய்து, அந்நாட்டுப் பொக்கிஷத்தை நிரப்பினார்கள். 1947-ஆம் வருஷத் தேர்தலில் தங்கள் சொந்தப் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்கள் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போயிற்று. கூலிக்காரன் ஓட்டினால் ஆட்சியே ஆட்டம் காணும் என்று நிலச்சுவான்தார் கையிலிருந்த சர்க்காருக்குத் தோன்றியது. உடனே 1948-இல் பிரஜா உரிமைச் சட்டம் ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து, ஏறக்குறைய 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களாகி ஓட்டையும் இழந்தார்கள். இதற்காக அங்கே பாராளுமன்றத்தை மூடினார்களா? இல்லை. தேர்தலை நிறுத்தினார்களா? இல்லை. பெரும்பான்மை ஓட்டில், சட்டப்படி, கைதூக்கித்தான் நிறைவேற்றினார்கள். ஜனநாயகத்தின் பெயராலேயே ஜனங்களைக் கணக்கிலிருந்து அடித்துவிடலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

அடிப்படை உரிமை யாருக்கு அடிப்படை?

இந்தியா குடியரசான பிறகு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். அரசியல் சட்டத்தை வகுத்த டாக்டர் அம்பேத்கர் அவர்கள், 1949-ஆம் வருஷம் நவம்பர் 25-ந் தேதியே எச்சரிக்கை செய்துவிட்டார். அரசியலில் ஒருவனுக்கு ஓர் ஓட்டு என்று சமத்துவம் பேசிக்கொண்டு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவத்தை மறுத்துக்கொண்டு நெடுநாள் போனால், இந்த அரசியல் கட்டடமே தகர்ந்துபோகும் என்பது அவர் பேச்சின் கருத்து.

அவர் எச்சரித்து ஒன்றரை வருஷத்திற்குள்ளாகவே இரண்டு வழக்குகளில் தீர்ப்பு வந்தது. பீஹாரில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் செல்லாது என்று தர்பங்கா மகாராஜா முதலிய ஜமீன்தார்கள் வழக்காடினார்கள். சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று 1951 மார்ச்சில் பாட்னா ஐகோர்ட் அச்சட்டத்தைத் தள்ளியது. லட்சக்கணக்கான குடியானவர்கள் பேரில் தலைமுறை தலைமுறையாகச் சவாரி செய்தவர், என்னைச் சமமாக நடத்தவில்லையே என்று கோர்ட்டில் கண்ணீர் விட்டார். அதற்கு அடுத்த மாதமே, நமது சென்னை மாகாணத்து வகுப்புவாரி உத்தரவை, அடிப்படை உரிமைக்கு விரோதமென்று சுப்ரீம் கோர்ட் தள்ளியது. அங்கே நிலம், இங்கே படிப்பு. இரண்டிலும் நீண்ட காலம் ஏகபோகமாய் அனுபவித்தவர்களே சமத்துவம் என்ற வார்த்தையைக் கையிலெடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியும், ஜமீன்தாரி ஒழிப்புக்கு ஏற்பட்ட ஆபத்தும் சேர்ந்து, 1951 ஜூன் 18-இல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. ஒரே திருத்தத்தில், பின்தங்கிய வகுப்பாருக்குத் தனிச்சலுகை கொடுக்கவும் வழி உண்டாயிற்று; ஜமீன்தாரி ஒழிப்புக்கும் பாதுகாப்பு உண்டாயிற்று. ஜாதியும் சொத்தும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கம் என்பதை நாம் சொன்னால் நம்பாதவர்கள், அந்தத் திருத்தத்தையாவது எடுத்து வாசித்துப் பார்க்கட்டும்.

நமது ஜில்லாவில் நடந்தவை

நிற்க, பழங்கதை போதும். 2023-ஆம் வருஷம் நமது திருவண்ணாமலை ஜில்லாவிலேயே நடந்த இரண்டு சங்கதிகளைப் பார்ப்போம்.

முதலாவது, தண்டராம்பட்டுக்குப் பக்கத்திலுள்ள தென்முடியனூர். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் சர்க்காரின் அறநிலையத் துறையைச் சேர்ந்தது. அப்படியிருந்தும், தலைமுறைகளாக ஆதிதிராவிட மக்கள் அதற்குள் போக முடியாமலிருந்து, 2023 ஜனவரி 30-ந் தேதி கலெக்டரும் போலீசும் உடன் நிற்கத்தான் உள்ளே போக முடிந்தது. கோயிலுக்குள் போவதால் வயிறு நிறையும் என்றோ மோட்சம் கிடைக்கும் என்றோ நாம் சொல்பவர்களல்ல. அங்கேயுள்ளது கல் என்பதுதான் நம் அபிப்பிராயம். ஆனால் ஒரு கல்லைப் பார்க்கக்கூட ஒரு மனிதனுக்கு யோக்கியதையில்லை என்று இன்னொரு மனிதன் சொன்னால், அந்த அகங்காரத்தை உடைக்க வேண்டியது நம் கடமை. இப்படிப்பட்ட ஊர்களில் தடுப்பவர்கள் சொல்லும் நியாயமென்ன? ஊரில் அதிகம் பேர் விரும்பவில்லை, பெரும்பான்மையை மதிப்பதுதானே ஜனநாயகம் என்கிறார்கள். பெரும்பான்மை என்பது வரியை எவ்வளவு வைக்கலாம், ரோட்டை எங்கே போடலாம் என்று தீர்மானிக்கலாம். ஒருவன் மனிதனா அல்லவா என்று தீர்மானிக்க எந்தப் பெரும்பான்மைக்கும் அதிகாரமில்லை. இந்த நியாயத்திற்குப் பின்னாலும் பொருளாதாரம் இருக்கின்றது. கோயிலில் சமமாக நிற்பவன் நாளைக்குக் களத்தில் கூலியைப் பற்றி நிமிர்ந்து கேட்பான் அல்லவா? பயமெல்லாம் அதுதான்.

இரண்டாவது, செய்யாற்றுக்குப் பக்கத்திலுள்ள மேல்மா. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையை விஸ்தரிப்பதற்காக மேல்மா முதலிய கிராமங்களில் 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதென்று சர்க்கார் தீர்மானித்தது. நிலம் கொடுக்க மாட்டோம் என்ற குடியானவர்கள் நூறு நாட்களுக்கு மேல் பந்தலில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். 2023 நவம்பரில் 20 பேரைக் கைது செய்து, அவர்களில் 7 பேர் மேல் குண்டர் தடுப்புச் சட்டத்தைப் பிரயோகித்தார்கள். பலத்த எதிர்ப்பு கிளம்பிய பிறகு 6 பேர் மேலிருந்த உத்தரவை முதலில் நீக்கினார்கள். சாராயம் காய்ச்சுகிறவன், ரவுடி முதலியவர்களுக்காக 1982-இல் ஏற்பட்ட சட்டம் அது. தன் வயலைத் தரமாட்டேன் என்று சொன்னவன் குண்டன் என்றால், அகராதியையே திருத்த வேண்டியதுதான்.

அப்பொழுது ஆட்சியிலிருந்தது தி.மு. கழகம். நம் இயக்கத்திலிருந்து கிளைத்த கட்சியாயிற்றே, இதைப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய கட்சி செய்தால் அது சரியாகிவிடும் என்றால், நமக்கும் சாஸ்திரம் படித்தவனுக்கும் என்ன வித்தியாசம்? இந்த விஷயத்தில் ஒரு கட்சியை மாத்திரம் குற்றம் சொல்லவும் வழியில்லை. தனியார் கம்பெனிக்கு நிலம் எடுப்பதானால் உடையவர்களில் 100-க்கு 80 பேர் சம்மதிக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரின் 2013-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. அந்த நிபந்தனை தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதைத் தொடக்கூடாதென்று 2014-இல் அ.தி.மு.க. ஆட்சி திருத்தம் செய்தது. அத்திருத்தத்தால் காப்பாற்றப்பட்ட 1997-ஆம் வருஷத்துச் சட்டமோ தி.மு.க. ஆட்சியில் வந்தது. மேடையில் ஒருவரையொருவர் பார்க்கவும் சகிக்காத இரண்டு கட்சிகள், குடியானவன் சம்மதம் தேவையில்லை என்பதில் ஒன்றுக்கொன்று கை கொடுத்திருக்கின்றன.

தொழிற்சாலை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், தாராளமாக வேண்டும். மனிதனை மாடுபோல் உழைக்க விடாமல் காப்பாற்றும் யந்திரத்தை வரவேற்கிறவர்கள் நாம். நம்முடைய கேள்வி வேறு. நிலம் கொடுப்பவன் சம்மதித்தானா? நிலமில்லாமல் அந்த வயலில் கூலி செய்து பிழைத்தவனுக்கு என்ன வழி? வரும் லாபத்தில் ஊருக்கு என்ன பங்கு? இவைகளைக் கேட்காமல் அபிவிருத்தி, அபிவிருத்தி என்றால், ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

ஒரே நாள், இரண்டு சட்டம்

இதைவிட அருமையான பாடம் ஒன்று அதே 2023-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி சென்னைச் சட்டசபையில் கிடைத்தது. அன்று ஒரு மசோதா, ஆலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடங்கொடுப்பது. இன்னொரு மசோதா, பெரிய திட்டங்களுக்காக ஏரி, ஓடைகள் அடங்கிய நிலங்களையும் ஒன்றாக்கிக் கொடுக்க வழி செய்வது. இரண்டும் ஒரே நாளில், ஒரே சபையில், ஒரே பிரதிநிதிகளால் நிறைவேறின.

ஆனால் கதி என்ன ஆயிற்று? 12 மணி நேர மசோதாவைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. தோழமைக் கட்சிகளும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே முதல் தேதி வாபஸ் பெறப்பட்டதாக முதல் மந்திரி அறிவித்தார். நில மசோதாவோ சட்டமாகிவிட்டது. ஏன் இந்த வித்தியாசம்? முதலாவதால் பாதிக்கப்படுகிறவனுக்குச் சங்கம் இருந்தது. இரண்டாவதால் பாதிக்கப்படுகிறவன் தனித்தனியாய்ச் சிதறிக் கிடந்தான். ஓட்டு இருவருக்கும் ஒன்றுதான். சட்டசபை ஒன்றுதான். சங்கம் ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே, ஓட்டு என்பது கதவு. சங்கம்தான் அதைத் திறக்கிற கை என்பதை மறக்காதீர்கள்.

ரகசியமும் இலவசமும்

ஓட்டை ஏன் ரகசியமாகப் போடச் சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கின்றீர்களா? குடியானவன் யாருக்குப் போட்டான் என்று நிலச்சுவான்தாருக்குத் தெரிந்தால் அவன் வீட்டைக் காலி செய்துவிடுவான். அந்தப் பயமில்லாமலிருக்கத்தான் இங்கிலாந்தில் 1872-இல் ரகசிய ஓட்டு வந்தது. அதாவது, ரகசியம் என்பது எளியவனுக்கு ஏற்பட்ட கேடயம். 2018-இல் இந்திய சர்க்கார் அந்தக் கேடயத்தைப் பிடுங்கிப் பணக்காரன் கையில் கொடுத்தது. தேர்தல் பத்திரம் என்ற பெயரால், எந்த முதலாளி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தான் என்பது வாக்காளனுக்குத் தெரியாமல் செய்தது. ஆறு வருஷத்தில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரம் விற்பனையாயிற்று. 2024 பிப்ரவரி 15-ந் தேதி, வாக்காளனுக்குத் தெரிந்துகொள்ள உரிமையுண்டு என்று சொல்லி, சுப்ரீம் கோர்ட் அதை ஒழித்தது. பட்டியல் வெளிவந்தபோது பெரும்பங்கு பாரதிய ஜனதாக் கட்சிக்குப் போயிருந்தது. தி.மு.க.வுக்கும் 600 கோடிக்கு மேல் வந்திருந்தது. கொடுத்தவன் தர்மத்துக்கா கொடுத்திருப்பான்? உண்டியலில் போடுகிற பக்தன்கூட பதிலுக்கு வரம் கேட்கிறானே!

இன்னொரு வார்த்தை ஜாலத்தையும் கவனியுங்கள். ஏழைப் பெண்ணுக்கு பஸ்ஸில் கட்டணமில்லை என்றாலும், பள்ளிக் குழந்தைக்குக் காலையில் சோறு போட்டாலும், குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தாலும், ஓட்டுக்காக இலவசம் கொடுத்து ஜனநாயகத்தைக் கெடுக்கிறார்கள் என்று படித்தவர்கள் கூச்சல் போடுகிறார்கள். 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கம்பெனிகளின் வருமான வரியை 100-க்கு 30-லிருந்து 22 ஆகக் குறைத்தது. வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே சொல்லிற்று. அதை யாராவது இலவசம் என்றார்களா? அதற்கு ஊக்குவிப்பு என்று பெயர். சோற்றுக்குப் பெயர் இலவசம். லாபத்துக்குப் பெயர் ஊக்குவிப்பு. அகராதி யார் வீட்டில் அச்சாகிறது என்று இப்பொழுது தெரிகிறதா?

அப்படியானால் நம்முடைய அர்த்தம்?

தோழர்களே! ஒரு புத்திசாலி எழுந்து, எல்லா அர்த்தமும் சுயநலத்தால் வருவதென்றால் உன்னுடைய அர்த்தமும் அப்படித்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆம், நம்முடையதும் நலத்தைப் பற்றியதுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஜமீன்தாரன் அர்த்தம் நிற்க வேண்டுமானால் குடியானவனைக் கணக்கிலிருந்து தள்ள வேண்டும். முதலாளியின் அர்த்தம் நிற்கக் கூலிக்காரன் வாய் மூடியிருக்க வேண்டும். மேல்ஜாதியின் அர்த்தத்திற்குக் கீழ்ஜாதி என்று ஒன்று வேண்டும். எல்லோருக்கும் கீழே கிடப்பவனுடைய அர்த்தத்திற்கு மாத்திரந்தான் எவனையும் தள்ள வேண்டிய அவசியமில்லை. அவனுக்குக் கீழே தள்ளுவதற்கு ஆள் இல்லை. ஆகவே அவனுடைய அர்த்தமே எல்லோருக்கும் பொருந்தக்கூடியது.

இல்லை, அவனுக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள். அவன் வீட்டுப் பெண்! வெளியில் சமத்துவம் கேட்கும் ஆண்கள் வீட்டுக்குள் ஜமீன்தாராயிருப்பதை நான் அறியாதவனல்ல. பெண்களுக்குச் சொத்தில் சம பாத்தியதை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆயிற்று. இந்தியா முழுவதற்கும் 2005 ஆயிற்று. அறுபது வருஷம்! சட்டம் வந்த பிறகும், அண்ணன் தம்பிகளுக்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்படி தங்கையைக் கெஞ்சியும் மிரட்டியும் பதிவாபீசுக்கு அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அவர்கள் மேடை ஏறி ஜனநாயகம் பேசுவது, திருடன் பூட்டு வியாபாரம் செய்வது போன்றதுதான்.

அதற்காக ஓட்டு வீண், தேர்தல் வீண் என்று சொல்கிறேனென்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஓட்டு பரவியதால்தான் ஜமீன்தாரி போயிற்று, படிப்பு வந்தது, பள்ளிக்கூடத்தில் சோறு வந்தது. வீண் என்றிருந்தால் அதை நமக்குக் கொடுக்காமலிருக்க அவர்கள் அத்தனை பாடுபட்டிருப்பார்களா? ஆனால் தீபத்தன்று மாத்திரம் மலையைப் பார்க்கிறவன் போல, ஓட்டுப் போடுகிற அன்று மாத்திரம் எஜமானனாயிருந்துவிட்டு மற்ற நாளெல்லாம் அடிமையாயிருந்தால் போதாது.

ஆகையால், இனி எவன் வந்து ஜனநாயகம் என்றாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீ சொல்லும் ஜனங்களின் கணக்கில் விடுபட்டவன் யார்? இந்தக் காரியத்தில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? நஷ்டப்படுகிறவனுக்கு வேண்டாமென்று சொல்ல உரிமையுண்டா? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாதவன் சட்டசபையில் பேசினாலும், கோர்ட்டில் பேசினாலும், நம்முடைய மேடையிலேயே பேசினாலும், அவன் பேசுவது தன் சொத்தைப் பற்றித்தான்.

கேட்டுவிட்டுச் சும்மாயிருக்காதீர்கள். கிராம சபை கூடும் நாளில் கூலிக்காரர்களும் பெண்களும் முதலில் போய் உட்காருங்கள். படித்துக் காட்டாமல் நீட்டும் நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். குடியானவர்கள், கூலிக்காரர்கள், நெசவாளர்கள் அவரவர் சங்கம் வையுங்கள். அந்தச் சங்கத்தில் ஜாதிக்கொரு பாய் போடாதீர்கள். இவைகளைச் செய்தால் ஜனநாயகத்திற்கு நாம் அர்த்தம் சொல்லலாம். செய்யாவிட்டால், வழக்கம்போல் மற்றவர்கள் அர்த்தம் சொல்லுவார்கள். நாம் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.